இடக்கை மாஸ்டரின் வில்

சமையலறையில் இருந்ததிலேயே கூரான கத்தியைத் துடைக்கும் துணிக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். கணவர் கண்ணயர்ந்திருந்தால் சட்டென்று முடிந்துவிடும் வேலை. மனிதரோ சக்கர நாற்காலியில் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

அவர் மடியில் அந்தப் பழைய வில் இருந்தது. அதன் கைப்பிடித் தோலைக் கிழித்து, அடியில் இருப்பதைச் சுரண்டிவிட வேண்டும். வில்லைச் சோதிக்க வரும் நிபுணர் வந்து சேருவதற்குள் செய்தாக வேண்டும்.

"குடுங்க, தொடச்சுத் தரேன்."

"விடிஞ்சதிலேர்ந்து இதையே கேக்குறே. தொடச்சுத் தொடச்சே தேஞ்சுடப் போகுது," என்று சிரித்தார். வில்லை மட்டும் விடவில்லை.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவர் வில்வித்தைப் பயிற்சியாளராக இருந்தவர். ஒரு விபத்தில் கால்கள் செயலிழந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம், யார் வந்தாலும் முகத்தைத் திருப்ப மாட்டார்.

அப்போதுதான், மூடிப்போன நாடகக் கம்பெனி ஒன்றின் தட்டுமுட்டுச் சாமான்களை விற்கிற இடத்தில், முனைகள் முன்பக்கம் வளைந்த ஒரு ரீகர்வ் வில்லை அவள் பார்த்தாள். கைப்பிடியில் கம்பெனி முத்திரையைச் சூடு போட்டிருந்தார்கள். தன் பழைய கைப்பையின் தோலை வெட்டி அதன்மேல் சுற்றித் தைத்தாள். "இடக்கை மாஸ்டர் செஞ்சதாம்ங்க" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தாள்.

இடக்கை மாஸ்டர் என்றால் வில் பிடிக்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆனால் அவர் தான் செய்த எந்த வில்லிலும் பெயர் போட்டதில்லை. இதெல்லாம் கணவர் சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

பொய் பலித்தது. அவர் எழுந்து உட்கார்ந்தார். பூதக்கண்ணாடி கேட்டார், புத்தகம் கேட்டார், பசிக்கிறது என்றார். அதன்பிறகு குழாய் ரிப்பேருக்கு வந்தவரைக்கூட விடவில்லை. உட்காரவைத்து வில்லின் வளைவைக் காட்டிக் கழுத்தறுத்தார். அந்தக் கழுத்தறுப்பைக் கேட்கக் கேட்க அவளுக்குக் காது குளிர்ந்தது.

இதற்கெல்லாம் உலை வைத்தவர் கணவரின் அண்ணன். "உன் பொண்டாட்டி எங்கேயோ ஏமாந்து தூக்கிட்டு வந்த கட்டைடா அது" என்று நக்கலடித்துச் சலித்துப்போய், பழைய வில்களில் கரைகண்ட ஒரு நிபுணரையே இன்று வரச்சொல்லிவிட்டார்.

அழைப்பு மணி அடித்தது. அண்ணன் நிபுணரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வந்த கையோடு கதவைச் சாத்தி, வாசலை அடைத்தாற்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ எங்கேம்மா நழுவுறே? நீயும் இருந்து கேளு."

ஓடி ஒளியவும் வழியில்லை. கத்தி சுற்றிய துணியைப் பிடித்தபடி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். அண்ணன் சிரித்தால் சிரித்துத் தொலையட்டும். இவர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டால்? இன்னொரு முறை அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

நிபுணர் கருவிகள் அடங்கிய தன் பெரிய தோல்பையைக் காலடியில் வைத்துவிட்டு வில்லை வாங்கினார். தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் கைப்பிடித் தோலில் வந்து நின்றது. கணவரும் நிபுணரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தேகமே இல்ல, இடக்கை மாஸ்டர் கைவேலைதான்," என்றார் நிபுணர். "இந்த வளைவு வேற யாருக்கும் வராது."

அண்ணன் துள்ளி எழுந்தார். "பையைக்கூட நீங்க தொறக்கலையே சார்! அந்தத் தோலைப் பிரிச்சு ஒரு தடவை பாத்துடலாமே."

"பெத்த பிள்ளையை அடையாளம் சொல்றதுக்குத் தாய் பூதக்கண்ணாடியா தேடுவா? தோலைப் பிரிச்சா வில்லுக்குத்தான் சேதம். பேசாம விடுங்க."

அண்ணன் வாசலை அடைத்திருந்த நாற்காலியை ஓரமாக நகர்த்தினார். கணவர் வில்லை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "கேட்டியாண்ணே? இனிமே என் பொண்டாட்டியை ஒரு வார்த்தை சொல்லாதே."

நிபுணரை வழியனுப்ப அவள் வாசல் கேட் வரை வந்தாள். இந்த ஆளுக்குத் தொழில் தெரியவில்லையா, இல்லை தெரிந்தும் சொல்லவில்லையா? நாளைக்கு வேறு யாராவது கேட்டு, இவர் மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? மனசு கேட்கவில்லை.

"ஐயா, அது நாடகத்துல பிடிச்சு நின்ன வில்லு. நான்தான் தோல் சுத்தினேன்."

"தெரியும்மா. அதுல ஒரு அம்பு விட்டாலே முறிஞ்சுடும்."

அவளுக்குக் கண் கலங்கியது. "எங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." திரும்பிக் கூடத்துப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவர் காதுக்கு மட்டும் இது எப்பவுமே போயிடக் கூடாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்."

நிபுணர் கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். அவள் பக்கம் திரும்பினார்.

"நேத்து வழி கேக்கறதுக்கு உங்க வீட்டுக்கு போன் பண்ணினேன். அப்போ உங்க வீட்டுக்காரர்தான் எடுத்தார்," என்றார். "பொய் சொல்லச் சொன்னதே அவர்தாம்மா."