பீடம் ஏறிய லில்லி

“உன் வீட்டுப் பூ ஒண்ணுகூட இந்த வருஷம் பீடத்துல ஏறாது. புருஷனை விட்டுட்டு வந்தவ கொடுக்கிற பூவுல ஈஸ்டர் அலங்காரமா?”

தேவாலயத்து அலங்காரக் குழுவின் புதுத் தலைவி கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள். ஆலய மணியே தன்னைக் கேட்டுத்தான் அடிக்கிறது என்ற நினைப்பு அவளுக்கு.

ஒன்பது வருஷமாகப் பீடத்துக்கு வெள்ளை லில்லி கொடுத்துவந்த தையல்காரி எழுந்தாள்.

“அடிக்கிற கையை விட்டுட்டு வந்தேன். அதுக்கு நான் வெட்கப்பட மாட்டேன். என் பூ பீடத்துல ஏறும். பார்க்கத்தானே போறீங்க.”

மறுநாள் காலையிலேயே மண்வெட்டியோடு வீட்டுத் தோட்டத்தில் இறங்கிவிட்டாள். லில்லிக் கிழங்கு அத்தனையையும் தோண்டிச் சாக்கில் போட்டாள். மகள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

“அவங்க மேல கோபம்னா பூ என்னம்மா பண்ணுச்சு? தூக்கியா போடப்போறே?”

“பேசாம சாக்கைப் பிடி.”

நாலு மாதம் ஓடியது. ஈஸ்டர் காலையில் தையல்காரி இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பினாள். காலிப் பாத்தியைப் பார்த்த மகளுக்கு அழுகை முட்டியது.

“சவால் விட்டியே, பூ எங்கம்மா? எல்லாரும் சிரிக்கப் போறாங்க. வீட்டுலேயே இருந்துடலாம்.”

“ஒளிஞ்சு வாழறதை அந்த வீட்டோட விட்டாச்சு. நட.”

பீடம் முழுக்க வெள்ளை லில்லி. ஒவ்வொன்றும் கையகலம். வாசலிலேயே காத்திருந்தாள் தலைவி.

“பார்த்தியா? நாற்றுப் பண்ணையில கிழங்கு வாங்கி, அத்தனையும் என் தோட்டத்துல நானே வளர்த்தது. நீ இல்லேன்னா ஈஸ்டர் வராதுன்னு நினைச்சியோ?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தாய் மட்டும் பீடத்தைக் கண் நிறையப் பார்த்தாள்.

“அருமையா வளர்த்திருக்கீங்க. நாலு மாசம் தண்ணி ஊத்தினதுக்கு ரொம்ப நன்றி.”

“நீ எதுக்கு எனக்கு நன்றி சொல்றே?”

அதற்குள் நாற்றுப் பண்ணைக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து சேர்ந்தார்.

“தையல்கார அக்கா, உங்க சாக்குல இருந்த கிழங்குல ஒண்ணுகூடச் சோடை போகலை, பார்த்தீங்களா! நீங்க சொன்ன மாதிரியே வேற யார் கேட்டும் கொடுக்காம, மொத்தத்தையும் இந்தம்மாவுக்கே கொடுத்துட்டேன்!”