காயாத படம்

"திலகாக்கா, மத்த ரெண்டு படம் எது குடுத்தாலும் சரி. ஆனா இந்தப் பெரிய படத்த குடுத்தே ஆகணும். சிரம்பான் கண்காட்சியில நடுச்சுவருல மாட்டப் போறேன்."

இந்துமதி டீச்சர், திலகா வீட்டுச் சுவரோரம் சாய்த்திருந்த பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பழைய அலமாரிக் கதவு அது. அதன்மேல் கோணிச்சாக்கு, செம்மண், காய்ந்த ரப்பர் பால், நைந்த புடவைக் கரை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. மேலே வெள்ளைப் பூச்சு. அங்கங்கே முள்கரண்டியால் கீறிய தடம். மரமும் இல்லை, மனிதரும் இல்லை. ஆனாலும் டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது குடுக்குற படமில்ல டீச்சர்."

"ஏன்க்கா? கோயில் மண்டபத்து கிளாசுக்கு வந்த புதுசுல தாமரப்பூவத் தவிர ஒண்ணும் வரைய மாட்டீங்க. யோசிக்காதீங்க, கை போற பக்கம் போகட்டும்னு நானும் தொண்ட கிழியக் கத்துனேன். திடீர்னு ஒருநாள் இப்படி மாறிட்டீங்க. எப்படிக்கா?"

"தெரியல லா. கை போச்சு, நானும் பின்னாலயே போனேன்."

அது பாதி உண்மைதான்.

மலேசியாவில், ரெம்பாவ் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த அந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் மிஞ்சியிருந்தது ஏழே குடும்பங்கள். திலகாவின் ஒரே மகன் யோகேந்திரன், கம்போடியாவில் நல்ல வேலை என்று யாரோ சொன்னதை நம்பிப் போனவன். மூன்றாம் மாதத்தோடு அவன் போன் நின்றுவிட்டது. புகார் கொடுத்த இடத்தில், தகவல் கிடைத்தால் கடிதம் போடுகிறோம் என்றார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் கடிதம் வந்தது. வாசல் கேட்டில் தொங்கும் தபால் பெட்டியிலிருந்து எடுத்து, அடுப்படியில் நின்றபடியே படித்தாள். மலாயில் நாலே வரி. கைரேகையை வைத்து அடையாளம் கண்டார்களாம். உடலை அங்கேயே எரித்துவிட்டார்களாம்.

புருஷன் சன்னாசி அப்போதுதான் மாரடைப்பிலிருந்து பிழைத்து வீட்டுக்கு வந்திருந்தார். அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வீடோ இரண்டே அறை. மாத்திரை தேடுகிறேன் என்று எல்லா டப்பாவையும் குடைகிற மனுஷன். காகிதத்தை எங்கே ஒளிப்பது? கொளுத்திவிடலாம் என்று தீக்குச்சியைக் கையில் எடுத்தாள். ஏற்கெனவே எரிந்துபோனவனை இன்னொரு தடவை எரிக்க மனம் வரவில்லை.

கிளாசுக்கு வாங்கிய பசை இருந்தது. அவர் தூங்கும் நேரம் பார்த்து, கடிதத்தைக் கதவுப் பலகையில் ஒட்டினாள். அதன்மேல் கோணிச்சாக்கை ஒட்டினாள். மறுநாள் மண்ணைக் குழைத்து அப்பினாள். பதினாறாம் நாள், யாருக்கும் சொல்லாமல், மேலே வெள்ளை பூசினாள். பிள்ளைக்கு அவள் செய்த கருமாதி அவ்வளவுதான்.

அழ முடியாத வீட்டில் கை மட்டும் நிற்கவில்லை. அடுத்த பலகையில் அவனுடைய சட்டைக் கை. அதற்கடுத்ததில் அவன் பள்ளிக்கூட நோட்டின் கிழிந்த ஒரு பக்கம். ஒட்டுவாள், மூடுவாள், கீறுவாள், பிய்ப்பாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது. போதும் என்று கை சொல்லும்போது நிறுத்துவாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நடந்துவிட்டு வந்த சன்னாசி, வழக்கம்போல உள்ளே நுழைந்ததுமே கேட்டார்.

"கடுதாசி ஏதும் வந்துச்சா?"

"இல்லங்க."

"ம்... வரும், வரும்."

ஒவ்வொரு நாளும் இதே கேள்விதான். ஒவ்வொரு நாளும் திலகாவுக்குள் ஏதோ ஒன்று அறுந்து விழும்.

டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. இந்தப் படத்தக் குடுக்க மாட்டேங்குறாங்க. நல்லா பேக் பண்ணி, பத்திரமா திருப்பிக் கொண்டாந்துடுவேன்."

வீடு பூரா குப்பையை ஒட்டி வைத்திருக்கிறாள் என்று எந்நேரமும் முணுமுணுக்கிறவர், தூக்கிக்கொண்டு போங்கள் என்றுதானே சொல்லப் போகிறார்!

சன்னாசி படத்தின் முன்னால் வந்து நின்றார்.

"மத்த ரெண்டையும் கொண்டு போங்க டீச்சர். இது வேணாம்."

"ஏன்ணே?"

"இன்னும் காயல."

டீச்சர் விரலால் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி காய்ந்து கிடந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். மற்ற இரண்டு படங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

கார் செம்பனை மரங்களுக்குள் மறைந்தது. திலகா உள்ளே வந்தாள்.

"காஞ்ச படத்தப் போயி ஏங்க காயலன்னீங்க?"

சன்னாசி தரையில் உட்கார்ந்திருந்தார். சாக்கின் பிசிறு ஒன்றை விரலால் நீவிக்கொண்டே சொன்னார்.

"அதுக்கடியில நம்ம பையன் இருக்கான்ல."

"ஒங்களுக்கு... எப்படி..."

"நீ ஒட்டுனப்ப நான் தூங்கல. நீயா சொல்லிடுவேன்னுதான் தெனமும் கடுதாசி வந்துச்சான்னு கேட்டேன். அதுவுமில்லாம, அந்தக் கடுதாசிய மொதல்ல பிரிச்சுப் படிச்சதே நான்தான் திலகா. ஒன்கிட்ட சொல்ல வாய் வரல, அதான் மறுபடியும் ஒட்டி, நீயே எடுத்துக்கட்டும்னு பெட்டியில போட்டுட்டேன்."