புது வீட்டுத் தாழ்ப்பாள்

பஞ்சாயத்து யூனியன் கட்டிய புது வீட்டின் பின்சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து, கரிசல் மண் வெடிப்புக்குள் பருத்திமார்க் குச்சியை இறக்குகிறார் வெயிலுமுத்து. சித்திரை வெயிலில் வெள்ளையடித்த சுவர் கண்ணைக் கூசவைக்கிறது. குச்சி முழங்கை நீளம் போயும் அடி தட்டவில்லை. மூன்று வருஷமாய் முட்டுக்கம்பில் நிற்கும் குடிசைக்குச் சொந்தக்காரரான அவர், அரசாங்கச் சுவரை ஏற இறங்கப் பார்க்கிறார். “மழை பெஞ்சா இந்த மண்ணு ஊதுமே சார். சுக்கான்பாறை வரைக்கும் தோண்டித்தான் கடக்கால் போட்டியளா?” “அஸ்திவாரமெல்லாம் பிளான்படிதான் வே. இன்னைக்குக் கையெழுத்துப் போடலைன்னா வீடு அடுத்த ஆளுக்குப் போயிரும்” என்கிற ஓவர்சியர், சுவரில் சாயாமல் தள்ளியே நிற்கிறார். அதையும் வெயிலுமுத்து கவனித்துக்கொள்கிறார். உள்ளே, இருபது வருஷமாய் ஓலைத்தட்டியைச் சாத்திவைத்து நாய்க்குக் கஞ்சியைப் பறிகொடுத்த அவர் மனைவி வேலுத்தாய், கதவின் தாழ்ப்பாளைத் திறந்து திறந்து போட்டுப் பார்க்கிறாள். “ஏட்டி, வெளிய வா. சொவரு தோது இல்ல.” பதிலுக்குத் தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுகிறது. அவர் முன்பக்கம் போய்க் கதவைத் தட்டுகிறார். “யாரது?” தன் வீட்டுக்குள்ளிருந்து அப்படிக் கேட்கிற யோகம் அவளுக்கு இன்றைக்குத்தான் வாய்க்கிறது. வெயிலுமுத்து குச்சியைக் கீழே போடுகிறார், தோள்துண்டைச் சரிசெய்கிறார். “சின்னக்கருப்பன் மகன் வெயிலுமுத்து” என்று முழுசாய்ச் சொல்லிவிட்டு நிற்கிறார். உள்ளே இருப்பவளுக்குச் சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது. தாழ்ப்பாள் இன்னும் திறக்கவில்லை.