பாலம்மா கேட்டது

மயக்க மருந்து வைத்தியர் கிருஷாந்தி முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்ததும் வாங்கில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் எழுந்தார்கள்.

"ஒப்பரேஷன் முடிஞ்சுது. இதயம் தானாவே துடிக்குது."

உள்ளே கிடந்த கஜேந்திரனின் மனைவி நிரஞ்சனி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நிரஞ்சனி போனில் சொன்னதும் வத்தேகமவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த பாலம்மா அழவில்லை.

"ஒண்ணுக்கு வந்துச்சாங்க, டாக்டரம்மா?"

வைத்தியர் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். எல்லோரும் இதயத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்.

"இன்னும் குறைவாத்தான் வருது அம்மா. மயங்கிக் கிடந்தாலும் உடம்புக்கு ஆபத்து விளங்கும். தண்ணியை விடாதையெண்டு இரத்தத்தில ஒரு ஹோர்மோன் போகும். சிறுநீரகம் சொல்லுக்கேட்டுப் பிடிச்சு வைச்சிருக்கும். அது மட்டுமெண்டால் மெல்ல விட்டிடும்."

 பாலம்மா திரும்ப வாங்கில் உட்கார்ந்தாள்.

நிரஞ்சனி தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தாள். அது கையிலேயே ஆறிப்போனது.

கதிர்காமத்து முருகனிடம் பாலம்மா வாழ்நாளில் எத்தனையோ கேட்டிருக்கிறாள். மூத்திரம் வேண்டுமென்று கேட்டது இதுதான் முதல் தடவை.

பின்னேரம் தாதி கதவைத் திறந்தாள். சிறுநீர்ப் பை நிறையத் தொடங்கிவிட்டதாம். ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாமாம்.

நிரஞ்சனி கதவு வரை போனாள். அங்கேயே கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பி வந்து பாலம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"நீங்க போங்கம்மா. நான் நாளைக்குப் பார்த்துக்கிறேன்."

உள்ளே குழாய்களுக்கு நடுவில் கஜேந்திரன் கிடந்தார்.

பாலம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப்போட்ட நெஞ்சையும் பார்க்கவில்லை. போர்வைக்கு மேலாக, வலப்பக்க அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

போன வருடம் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய இடம் அது.

பிலிமத்தலாவைச் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து, பிறகு கண் திறக்காமலே போன அவள் மகன் தினேஸில் இன்னும் உயிரோடு இருப்பது அந்த ஒன்றுதான். இருந்தவரை அவன் அம்மா சொல்லைக் கேட்டதே கிடையாது.

உள்ளங்கையில் சூடு ஏறியது.

"பயப்படாதய்யா," என்றாள், யாருக்கும் கேட்காதபடி. "அம்மா வந்திருக்கேன்."