எழுபது ரூபாய் பேட்டரி

சிலுவைராயனின் உயிருக்கு எழுபது ரூபாய் என்று விலை போட்டிருந்தார் படகு முதலாளி கொரைரா. இன்னும் எத்தனை நிமிடம் கடலடியில் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் கம்ப்யூட்டர், இரண்டாவது முங்கல் முடிந்ததும் படுத்துவிட்டது. கடையில் கொடுத்தால் ஆயிரம் கேட்பான். முதலாளி மீன் கத்தியால் மூடியை நெம்பி, எழுபது ரூபாய் பேட்டரியைப் போட்டு, ரப்பர் வளையத்தில் தேங்காய் எண்ணெயும் தடவினார்.

"பாத்தியால, முழிச்சிட்டு! நாப்பது நிமிசம் தாராளமா கெடக்கலாம்னு சொல்லுது. எறங்கு."

அது சொல்லும். காலையில் அவன் முப்பது மீட்டர் ஆழத்தில் இரண்டு முறை கிடந்ததைப் பழைய பேட்டரியோடு சேர்த்து மறந்துவிட்டது. அவன் முழங்கைதான் மறக்கவில்லை; அந்த ஆழத்தில் உடம்பில் ஏறிய காற்று இன்னும் வெளியேறாமல் உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

சிலுவைராயன் அந்தக் கருவியை முதலாளியின் கொழுத்த மணிக்கட்டில் கட்டினான். "இது இன்னைக்குக் கடலையே பாக்கலைங்குது. நீங்களும் தண்ணியில கால் வைக்கல மொதலாளி. பொருத்தம் அமோகமா இருக்கு, போய்ட்டு வாங்க."

கொரைரா கடலை எட்டிப் பார்த்தார். பிறகு பாக்கெட் நோட்டை எடுத்து எழுதினார்: முங்கல் இரண்டு, கூலி உண்டு. மூன்றாவது இல்லை. பேட்டரி எழுபது, சிலுவைராயன் பற்று.