இரண்டாவது சாரதி

“இருபத்தொரு வருசமா லொறி ஓடுறன். எனக்கு எப்ப நித்திரை வருமெண்டு என்னைப் பெத்த மனுசிக்கே தெரியாது. லொறியிலை பூட்டின உந்தக் கறுப்புப் பெட்டிக்குத் தெரியுமாம்!”

அன்புராசா சொன்ன வேகத்தில் வாயிலிருந்த மீன் ரோல் தூள் மேசையெங்கும் பறந்தது. சனிக்கிழமைக் காலை, மல்வேர்னில் தமிழ் லொறிச் சாரதிகள் கூடும் கோப்பிக் கடை நிரம்பியிருந்தது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்ததில் அவனுக்கு இன்னும் சுதி ஏறியது.

“லொறியை எடுத்தால் எழுதுது, நிப்பாட்டினால் எழுதுது. உள்ளங்கையளவு சாமான், மாமியார் மாதிரி நோட்டம் பாக்குது.”

எதிரே இருந்த சீமோன் வேறொரு கம்பனியில் லொறி ஓடுபவர். வயதில் மூத்தவர், சத்தமாகக் கதைக்காதவர்.

“பெட்டி வந்தது நல்லதெண்டுதான் நான் சொல்லுவன். முந்தி முதலாளி, ‘ஓடின நேரத்தைக் கொப்பியிலை மாத்தி எழுதிப்போட்டு ஓடு’ எண்டுவான். இப்ப சட்டப்படி ஓடக்கூடிய பதின்மூண்டு மணித்தியாலம் முடிஞ்சால் அவனாலை வாய் திறக்கேலாது. நானும் மனுசனாப் படுத்தெழும்புறன்.”

“படுங்கோ அண்ணை, படுங்கோ. பயந்தவை படுக்கட்டும், தெரிஞ்சவன் ஓடட்டும்.”

“அப்ப தண்டர் பே ஊருக்குப் பதினாறு மணித்தியாலம் நீர் எப்பிடி ஒரே மூச்சிலை ஓடுறீர்? பெட்டி காட்டிக்குடுக்காதோ?”

அன்புராசா குரலைத் தாழ்த்திச் சிரித்தான். “எனக்கொரு கூட்டாளி இருக்கிறார். லெஸ்லி.”

மே மாதம் அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி கிளிபோட் ஒரு துண்டில் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுத்திருந்தார். தன் மணித்தியாலம் முடிந்ததும் அன்புராசா பெட்டியில் லெஸ்லியின் பெயரை அடிப்பான். உடனே பெட்டியின் கணக்கில் ஸ்டியரிங்கில் இருப்பது லெஸ்லி, பின் கட்டிலில் நித்திரை கொள்வது அன்புராசா. உண்மையில் லொறிக்குள் இருப்பது அவன் ஒருவன்தான்.

“ஆர் உந்த லெஸ்லி?” என்றார் சீமோன்.

“நான் கண்டதே இல்லை. முந்தி எங்கடை கம்பனியிலை நிண்டவராம். ‘அவர் இனி ஒரு முறைப்பாடும் செய்யமாட்டார், நீ பயப்பிடாமல் அடி’ எண்டார் முதலாளி. யூனியன்வில் பக்கம் எங்கையோ காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறாராக்கும். அருமையான மனுசன்! குறட்டை விடமாட்டார், பாட்டை மாத்தச் சொல்லமாட்டார்.”

சீமோன் சிரிக்கவில்லை. “ஏமாந்துபோறது பெட்டி இல்லை, அன்புராசா. நித்திரை தூங்கிப் போய் அடிபட்டால் நீர்தான் கிடப்பீர்.”

அன்புராசா பதில் சொல்ல வாயெடுத்தபோது மேசையருகில் ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் மாதா பதக்கம், கையில் மடித்த கடிதம்.

“அன்புராசா நீங்களோ? நான் அன்ரனெற், லெஸ்லியின்ரை மனுசி. லொறி யார்ட்டிலை கேட்டன், இஞ்சை நிப்பீங்கள் எண்டிச்சினம்.”

அன்புராசாவின் கையிலிருந்த கோப்பை பாதியில் நின்றது.

“இன்சூரன்ஸ்காரர் கடிதம் போட்டிருக்கினம். இவர் போன செவ்வாயும் உங்களோடை தண்டர் பேக்கு ஓடினவரெண்டு கம்பனிப் பதிவிலை இருக்காம். அதை விளங்கப்படுத்தும்வரைக்கும் எனக்கு ஒரு சதமும் தரமாட்டினமாம். நான் இல்லையெண்டுறன், ஒருத்தரும் நம்பினமில்லை. நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கோ.”

அன்புராசாவுக்கு விளங்கிவிட்டது. புருசன் முதுகு நோவென்று சொல்லி வீட்டில் கிடக்கிறான். மனுசி அவனுக்காக வாதாட வந்திருக்கிறாள். நோஞ்சான் வேடம் போட்டு இன்சூரன்ஸில் உண்பவர்களை அவனுக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

அதோடு, லெஸ்லி ஓடவில்லை என்றால் ஓடியது யார் என்ற கேள்வி வரும். அடுத்த கிழமையே லைசன்ஸ் பறிபோகும். யாரோ ஒரு சோம்பேறிக்காக அவன் ஏன் தெருவில் நிற்க வேண்டும்?

“ஓடினவர், அக்கா,” என்றான் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

“வடிவாத் தெரியுமோ?”

“எனக்குத் தெரியாமல்? நிப்பிகனுக்குக் கிட்ட ஸ்டியரிங்கை அவரிட்டைக் குடுத்துப்போட்டுத்தானே நான் பின்னாலை போய்ப் படுத்தனான்.”

மேசைக்குக் கீழே சீமோன் அவன் காலைத் தட்டினார். அன்புராசா காலை இழுத்துக்கொண்டான். அவன் வாய்க்கு ருசி பட்டுவிட்டது.

“சும்மா சொல்லக்கூடாது, நல்லா ஓடுவார். வழி முழுக்க உங்கடை நண்டுக்கறிக் கதைதான். வீட்டிலை ஏதும் வருத்தமெண்டு சொல்லிக்கொண்டு கிடக்கிறாரோ? என்னோடை வரேக்கை ஆள் குத்துக்கல்லு மாதிரி!”

அன்ரனெற்றின் கண்கள் நிரம்பின. பொய் பிடிபட்டால் கண்ணீர் வரத்தானே செய்யும் என்று அன்புராசா ஏளனமாக நினைத்தான்.

“செவ்வாய்க்கிழமை,” என்றார் அவர் மெதுவாக. “உங்கடை கண்ணாலை கண்டனீங்கள்?”

“உங்கடை மாதாவாணை கண்டனான்!”

அன்ரனெற் கடிதத்தை மேசையில் வைத்தார். சீமோனை ஒருமுறை பார்த்துவிட்டு அன்புராசாவிடம் திரும்பினார்.

“அவரை மார்ச்சிலை அடக்கம் செய்தாச்சு, தம்பி.”