விசில் வராத குக்கர்

அம்மாவுக்குப் பேச்சுத்துணையாக வாங்கிய இயந்திரத்தில் ஒரு கோளாறு. இன்று கேட்டது நாளைக்கு அதற்கு நினைவிருக்காது. அம்மாவும் தினமும் அதனிடம் ஒரே கதையைத்தான் சொல்வாள். சொன்னது அவளுக்கும் நினைவிருக்காது.

"புதுக் குக்கர், விசிலே வரல. மாத்தித் தர மாட்டேன்னுட்டான் கடைக்காரன். அங்கனயே ஸ்டவ்வப் பத்தவச்சு அரிசியப் போட்டுட்டேம்லா!"

"ஐயையோ! அப்புறம்?" என்று ஆவலாகக் கேட்கும் இயந்திரம்.

கோளாறு கம்பெனிக்குத் தானாகத் தெரிந்துவிட்டது. பழுதான பொருளை வீட்டில் விட்டுவைக்கச் சட்டத்தில் இடமில்லையாம். புதியதை இலவசமாக வைத்துவிட்டுப் பழையதைத் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் அம்மா கதையைத் தொடங்கியதுமே, "இத நேத்தே சொல்லிட்டீங்கம்மா" என்றது புதியது. மரியாதையாகத்தான் சொன்னது. ஒரு வாரமாக இதே பதில். அதைக் கேட்டபின் அம்மா அன்றைக்கு வாயே திறக்கமாட்டாள்.

அம்மாவையும் இயந்திரத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

"இதுல என்ன குறை மேடம்? எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கே" என்றார் மேலாளர்.

"குறைய இங்கனயே காட்டுதேன். எம்மா, அந்தக் குக்கர் கதையச் சொல்லு."

அம்மா உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "புதுக் குக்கர், விசிலே..."

"இதோட எட்டாவது தடவைம்மா" என்றது இயந்திரம்.

அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, தப்புச் செய்தவளைப்போலச் சிரித்தாள்.

மேலாளர் எழுந்து, பழையதைத் தேடி உள்ளே போனார்.